எங்கள் ஐயர் யாரிடம் பேசுவார்?

வாசகர் கேள்வி, 19 பிப்ரவரி 2024

எங்கள் சேகரத்துக்கு (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள கிறிஸ்தவச் சபைகளுக்கு) இப்போதைய ஐயர், அதாவது குருவானவர், வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. நல்ல பிரசங்கி, வீடு வீடாகப் போய் விசாரிப்பவர். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். பிரசங்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டு வேதாகமத்தைப் பார்த்தபடியே நிற்கிறார். வீடு சந்திக்க வருவதில்லை. பால் கறக்கப் போகிறவர், அதிகாலை மூன்றரை மணிக்கே ஐயர் குடியிருக்கும் குருமனையில் விளக்கு எரிகிறது என்கிறார். மே மாதத்தில் மாற்றல் கேட்டு மனு கொடுக்கலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் பேசுகிறார்கள். பிறருக்கு ஆறுதல் சொல்ல அழைக்கப்பட்டவருக்கே மனம் சோர்ந்துபோனால் அது விசுவாசக் குறைவுதானே? நான் நினைப்பது தவறு என்றால் சொல்லுங்கள்.

20 பிப்ரவரி

தவறு. காரணம் சொல்கிறேன்.

நான் குருமனையில் வளர்ந்தவள். அப்பா 31 ஆண்டுகள் குருவானவராக ஏழு சேகரங்களில் ஊழியம் செய்தார். பின்னாளில் நானே ஆறு ஆண்டுகள் சேகரக் கமிட்டிச் செயலராக இருந்தேன். குருமனைத் திண்ணையும் தெரியும், கமிட்டி அறையும் தெரியும்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அப்பா சிவகாசிப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பட்டாசு ஆலை விபத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய அடக்க ஆராதனைகள் முடிய ஆறு மணி ஆயிற்று. நான்கில் இரண்டு பெட்டிகளைத் திறக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பா வீட்டுக்குள் வராமல் கிணற்றடிக்குப் போய், அங்கியைக் கழற்றி, அதன் கரையில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணைத் தேங்காய் நாரால் தேய்க்கத் தொடங்கினார். அங்கியைத் துவைப்பது எப்போதும் அம்மாவின் வேலை. கரிசல் மண் வெள்ளைத் துணியை லேசில் விடாது. இருட்டும்வரை தேய்த்தார். மண் போன பிறகும் தேய்த்தார். அந்த இடத்தில் துணி இழை விட்டுப்போனது. அம்மா பின்புற வாசலில் விளக்குடன் நின்றாள், கூப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, இரண்டு திருமணங்களுக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பு, மாலையில் கமிட்டிக் கூட்டம். கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்பாவைப் பார்த்து "நேற்று எப்படி இருந்தது ஐயா?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கல் நெஞ்சக்காரர்கள் அல்ல அவர்கள். அடக்கம் செய்வது ஐயரின் வேலை என்றிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்பா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

மனுவில் கையெழுத்திடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

21 பிப்ரவரி

விசுவாசக் குறைவு என்ற சொல்லை நேற்று சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதற்கு அடுத்த அதிகாரம் அது. அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி எலியா, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து தனக்குச் சாவு வேண்டும் என்று கேட்கிறார். அங்கே வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுளிடமிருந்து கேள்வி வந்ததெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். எண்ணாகமம் 11-இல் மோசேயும் இதே நிலையில் தன்னைக் கொன்றுவிடும்படி கேட்கிறார். பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர் கிடைத்தார்கள். இந்த இருவருக்கும் விசுவாசம் குறைவு என்று எந்த மேடையிலும் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

நம் சபைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆங்கிலப் பிரசங்கி ஸ்பர்ஜனையும் பாருங்கள். 1856 அக்டோபர் 19 அன்று லண்டன் சர்ரே தோட்ட இசை மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ "தீ" என்று கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. வீட்டில் ஒரு மாதக் குழந்தைகள், இரட்டையர். அந்த நாளின் காயம் கடைசிவரை ஆறவில்லை. மனச்சோர்வு அவரைத் திரும்பத் திரும்பப் பிடித்தது. அதை மறைக்காமல் தம் போதகர் பள்ளி மாணவர்களுக்கு ஒரு முழு விரிவுரையாகவே பேசினார். பிற்காலத்தில் குளிர்காலங்களில் பிரான்சின் தென்கரையிலுள்ள மான்டோன் நகருக்குப் போய் ஓய்ந்திருந்தார். 1892 ஜனவரி 31 அன்று அங்கேதான் மறைந்தார்.

25 பிப்ரவரி

இன்னொரு வாசகர், "இது ஒருவர் இருவருக்கு வருவது, பொதுப் பிரச்சினையாக ஆக்க வேண்டாம்" என்கிறார். அமெரிக்காவில் வட கரோலினாவின் ஐக்கிய மெதடிஸ்டு போதகர்களை டியூக் பல்கலைக்கழகத்தார் 2008-இல் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பதில் தந்த ஆய்வு அது. தொலைபேசியில் கேட்கப்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அந்நாட்டின் பொது அளவு 5.5 சதவீதம். அவர்களுக்குச் சம்பளம், காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. அப்படியும் பொதுமக்களைவிட அதிகம். நம் திருமண்டலங்களிலும் (ஒரு பேராயரின் கீழுள்ள சேகரங்களின் தொகுதிகளிலும்) இப்படி ஒரு கணக்கெடுப்பை யாரேனும் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி கேட்டவருக்கு: அதிகாலையில் விழிப்பு வந்து மீண்டும் தூக்கம் பிடிக்காமல் போவது, பிடித்த வேலையில் நாட்டம் அற்றுப்போவது, பேச்சு நடுவில் அறுந்துபோவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இந்த மூன்றும் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருந்து எழுதிக் கொடுத்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். முதல் வாரத்திலேயே "ஜெபித்தேன், சரியாகிவிட்டது" என்று மாத்திரையை ஓரம் வைத்த ஓர் ஊழியரை எனக்குத் தெரியும். அடுத்த நான்கு மாதங்கள் அந்தக் குடும்பம் பட்ட பாடு பெரிது.

வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தாலும் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

2 மார்ச்

20-ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். இந்தக் குறிப்புகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வயது 84. காது மந்தம், நினைவு மந்தமில்லை. "அப்பா யாரிடமும் பேசியதில்லை" என்ற வரி வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரு சொன்னா? திங்கக்கிழமை திங்கக்கிழமை சாமியாரைப் பார்க்கப் போவாரே, அங்க என்ன கருவேப்பிலைக் கன்னு பாக்கவா போனாரு?"

எனக்கு அது நினைவிருக்கிறது. திங்கள்கிழமை பிற்பகலில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த கத்தோலிக்கக் கோவிலின் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போவார். வரும்போது ஏதாவது ஒரு செடியோ பதியனோ கொண்டுவருவார். தோட்டம் போடும் ஆசை என்றுதான் பிள்ளைகள் நாங்கள் ஐவரும் நினைத்திருந்தோம். அடக்கத்துக்குப் பின் வந்த திங்களன்றும் போனாராம். அன்று வெறுங்கையோடு இரவு பத்து மணிக்கு வந்து, அம்மாவிடம், "சாமியார் முன்னால உக்காந்து அழுதுட்டு வந்தேன்" என்றாராம். அந்தச் சேகரத்தைவிட்டு மாறிய பிறகும் ஒவ்வோர் ஊரிலும் முதலில் விசாரித்தது பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கைத்தானாம்.

நாற்பது ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது.

4 மார்ச்

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தம்முடைய திருச்சபையில் அத்தனை குருமார் இருக்க, அப்பா ஏன் சாமியாரிடம் போனார்?

அம்மாவிடம் கேட்டேன். "அவரு மாத்தல் போட மாட்டாருல்லா" என்றாள்.

இவ்வளவுதான் காரணம், ஆனால் இது முழுக் காரணம். நம் அமைப்பில் ஒரு குருவானவருக்கு மேய்ப்பர் என்று இருப்பவர் பேராயர். அந்தக் குருவானவரை எந்தச் சேகரத்துக்கு அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பதும் அந்த அலுவலகத்திலிருந்துதான் வரும். எத்தனை நல்ல பேராயராக இருந்தாலும், "ஐயா, எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை, பீடத்தில் நிற்கக் கால் நடுங்குகிறது" என்று சொன்ன ஐயரின் பெயர் அடுத்த மாற்றல் பட்டியலில் எங்கே வரும் என்ற பயம் சொல்பவருக்கு இருக்கும். சக குருமாரிடம் சொல்வதும் கடினம். மூன்றாண்டுக்கொருமுறை திருமண்டலத் தேர்தல் வரும்போது இன்றைய நண்பர் எந்த அணியில் நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? சபை மக்களிடம் சொன்னால் மறுநாள் ஊருக்கே தெரியும். மனைவியிடம் சொல்லலாம், ஆனால் அவளும் அதே பாரத்தின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

கத்தோலிக்கர் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அவர்களுடைய 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தைப் பார்த்தேன். 240-ஆம் பிரிவில், ஒரு குருமாணவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பது, வெளியேற்றுவது பற்றி முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ, அவருடைய பாவசங்கீர்த்தனத்தை (பாவ அறிக்கையை) கேட்டவரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. மனத்தைக் கேட்பவர் வேறு, தீர்ப்புச் சொல்பவர் வேறு. 276-ஆம் பிரிவு, அந்தந்த இடத்துச் சட்டப்படி தியானத்துக்கு ஒதுங்குவதைக் கடமையாக வைக்கிறது. 283-ஆம் பிரிவு ஆண்டுதோறும் போதுமான விடுமுறைக்கு உரிமை தருகிறது. சட்டத்தில் இருப்பதெல்லாம் நடைமுறையில் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. தனியே வாழும் அந்தக் குருக்களுக்கு வேறு தனிமை உண்டு. ஆனால் ஒருவர் தம் மனத்தைத் திறக்கும் வாசலையும் அவருடைய பதவியை முடிவுசெய்யும் வாசலையும் தனித்தனியாக வைத்த அந்த அறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு திருமண்டலமும், மாற்றலுக்கோ தேர்தலுக்கோ தொடர்பில்லாத, கேட்டதை யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கடமைப்படாத ஓர் ஆலோசகரை, இயன்றால் வேறு திருச்சபையைச் சேர்ந்தவரை, குருமாருக்கும் அவர்கள் மனைவியருக்கும் ஏற்படுத்த வேண்டும். நான் கேட்பதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றவை இதற்குப் பிறகு.

5 மார்ச்

"வேறு திருச்சபையைச் சேர்ந்தவர்" என்றதற்கு ஒரு வாசகர் வருந்தியிருக்கிறார். உபதேச வேறுபாடு எனக்கும் தெரியும். என் அப்பா பாவமன்னிப்புப் பெற அங்கே போகவில்லை. அழப் போனார்.

11 மார்ச்

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒரு மூப்பர் எழுந்து, "நம் ஐயருக்கு மனநிலை சரியில்லை, பாரத்தோடு ஜெபிப்போம்" என்று அறிவித்துவிட்டாராம். ஐயர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியாமல் இருந்தேன். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோயைச் சபை நடுவில் வைப்பதை நாம் அன்பு என்றே நினைத்துச் செய்கிறோம். வயிற்றுக்கட்டி என்றால்கூட "ஓர் அன்பானவரின் சுகத்துக்காக" என்று பெயர் சொல்லாமல் ஜெபிக்கத் தெரிந்தவர்கள், இதில் அந்த நாசூக்கை மறந்துவிடுகிறார்கள். அந்த மூப்பர் தனியே குருமனைக்குப் போய், கூட்டத்தில் சொன்னது தவறு என்று ஐயரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டாம்.

நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கமிட்டிச் செயலராக இருந்தபோது, கூட்டங்களில் எரிந்து விழுகிறார், அடக்கத்துக்குத் தாமதமாக வருகிறார் என்று ஓர் ஐயருக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினோம். எழுதிய கையெழுத்து என்னுடையது. குருமனையில் வளர்ந்த எனக்கே, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் மாறிப்போன பிறகு குருமனையைப் பூட்டப் போனபோது, சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் பேனாவால் அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் சேகரத்தில் மீதமிருந்த நாட்களை அவர் எண்ணியிருக்கிறார். முதல் குறிப்பில் மனுவில் கையெழுத்திடாதீர்கள் என்று எழுதியது இதனால்தான். அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

30 மார்ச், பெரிய சனி

லெந்து எனும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை எங்கள் சேகர ஐயர் நடத்திய ஆராதனைகளை ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற பழக்கத்தில் குறித்துவந்தேன். குருத்தோலை ஞாயிறிலிருந்து மட்டும் எழுதுகிறேன். ஞாயிறு காலை பவனி, ஆராதனை, மாலையில் கிளைச் சபை. திங்கள் முதல் புதன் வரை மூன்று ஊர்களில் இரவுக் கூட்டம். வியாழன் இரவு திருவிருந்து. வெள்ளி பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய ஆராதனை. நாளை அதிகாலை நான்கு மணிக்கு உயிர்த்தெழுதல் ஆராதனை, பிறகு இரண்டு கிளைச் சபைகளில் திருவிருந்து. இடையில் இரண்டு அடக்கங்கள். பெரிய வெள்ளி மூன்று மணிக்கு அவர் வெளியே வந்தபோது உதடு வெடித்திருந்தது. ஒரு சிறுமி ஓடிப்போய் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் நின்றபடியே முழுவதையும் குடித்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவருக்கு முழு விடுப்பு என்று இந்த ஆண்டு எங்கள் கமிட்டி எழுதி நிறைவேற்றியிருக்கிறது. வாரந்தோறும் திங்கள்கிழமை, அடக்கம் தவிர வேறெதற்கும் குருமனை வாசலில் போய் நிற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறோம். இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகமாக வந்தது.

9 ஏப்ரல்

சுயாதீனச் சபைப் போதகர் ஒருவர் எழுதுகிறார்: "உங்கள் ஐயர்மாருக்குச் சம்பளமும் குருமனையும் உண்டு. எனக்கு ஞாயிறு காணிக்கைதான். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போனால் அந்த மாத வாடகை போகும். மாற்றல் இல்லை, ஆனால் மாறிப்போகவும் இடமில்லை. மனச்சோர்வு என்று சொன்னால் அபிஷேகம் போய்விட்டது என்பார்கள்."

உண்மை. நான் எழுதியதெல்லாம் திருமண்டல அமைப்பைப் பற்றித்தான். பேராயர் என்று ஒருவரே இல்லாத சபைகளுக்கு அது பொருந்தாது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு மூன்று போதகர்கள், ஆள் பிடிக்கும் போட்டியை விட்டுவிட்டு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச முடிந்தால் நல்லது. முடியாது என்றால் 14416 உங்களுக்கும் உண்டு ஐயா. அங்கே எந்தச் சபை என்று கேட்பதில்லை.

திருமண்டலக் குருமாருக்கும் வீட்டுக் கவலை உண்டு என்பதைச் சேர்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் குருமனையில் இருந்தவர் ஓய்வுபெறும் நாளில் தலைக்கு மேல் சொந்தக் கூரை இருக்காது. அப்பா ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், இரவில் ஒரு பழைய டைரியில் செங்கல் விலையையும் கம்பி விலையையும் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

20 மே

அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அம்மா வேண்டாம் என்றாள், பிறகு ஒன்றை மட்டும் எழுதச் சொன்னாள். ஒவ்வொரு மே மாதமும் மாற்றல் பட்டியல் வரும்வரை அவள் புதிய ஊறுகாய் போடுவதில்லையாம். போட்ட ஜாடியை லாரியில் ஏற்ற வேண்டிவரும் என்பதால். ஏழு சேகரங்களிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைக் கூலியில்லாமல் நடத்தியவள், தன் உடம்பைப் பற்றி ஒருவரிடமும் பேசியதில்லை. "ஐயரம்மாவுக்கு ஏதுடா சாமியார்?" என்று என் தம்பியிடம் கேட்டாள். மார்ச் 4-ஆம் தேதி நான் "குருமாருக்கும் அவர்கள் மனைவியருக்கும்" என்று போகிற போக்கில் எழுதினேன். மனைவியரை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

16 ஜூன்

கேள்வி கேட்டவரிடமிருந்து கடிதம். மனு போகவில்லை. மூப்பர் குருமனைக்குப் போய்வந்திருக்கிறார். ஐயர் ஏப்ரல் முதல் மருத்துவரைப் பார்த்துவருகிறார். அவர் கேட்ட விடுப்பு கிடைத்து ஆறு வாரங்கள் சொந்த ஊரில் இருக்கிறார். பக்கத்துச் சேகர ஐயரும் ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரும் ஆராதனைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு திரும்புகிறார். நன்றி சொல்லி, வரவேற்புக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். மாலையும் மேடையும் வேண்டாம். முதல் இரண்டு ஞாயிறுகள் பிரசங்கத்தை வேறொருவர் செய்யட்டும். ஐயர் திருவிருந்து மட்டும் கொடுக்கட்டும். ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று நூறு பேர் கேட்டால் நூறு முறை அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும், கைகொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்றைய மதியச் சாப்பாட்டை யாராவது ஒரு வீட்டிலிருந்து தூக்குவாளியில் குருமனைக்குக் கொடுத்துவிடுங்கள், நான்கு பேருக்கு. கொண்டுபோகிறவர் உட்காராமல் வந்துவிட வேண்டும். பாத்திரத்தைத் திங்கள்கிழமை வாங்கப் போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை போங்கள்.